காயலான் கடைக்குப் போகுமுன்...

எங்கள் திருப்புட்குழியில் தாயாருக்கு மரகதவல்லி என்று திருநாமம். குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை இரவில் மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அது முளை விட்டிருந்தால் வரம் கிடைத்துவிட்டது என்பது நம்பிக்கை. "வறுத்த பயறே முளைக்கிற ஊரும்மா இது, ஓடாத மிக்ஸி ஓடாதா?" என்று பாலுசெட்டி சத்திரத்து ரிப்பேர் கடைக்காரர் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். "செத்துப் போச்சு" என்று நாம் தூக்கிக்கொண்டு போகும் சாமானில் பாதிக்கு உயிர் இருக்கிறது என்பது அவருடைய அனுபவம்.

நம் தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு உள்ள விஷயம். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ல் அரசாங்கம் இலவச கலர் டெலிவிஷன் கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் அதே செப்டம்பர் 15-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. தறி வேலையும் பார்த்து, அம்மியும் ஆட்டுரலும் இழுத்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சாமான்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. வரிசையாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எடைக்குக் கிடைப்பது என்னவோ ஒரு வேளை காய்கறிக் காசுதான்.

பக்கத்து வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காரி, போன ஆடி மாதம் வந்தாள். "அக்கா, மிக்ஸி போயிடுச்சு. கடையில எக்ஸ்சேஞ்ச்னு போட்டிருக்கான். பழசைக் கொடுத்துட்டு தவணையில புதுசு எடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றாள்.

"மோட்டார் சத்தம் கேக்குதா?"

"கேக்குது அக்கா. பிளேடுதான் சுத்த மாட்டேங்குது."

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் அநேகமாகக் கோளாறு கப்ளரில்தான். ஜாருக்கு அடியிலும் மோட்டாரின் தலையிலும் பல் பல்லாக ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, அதுதான் கப்ளர். அதை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதற்குக் காரணம் உண்டு. ஜார் இறுகிச் சிக்கிக்கொண்டால் அது தேய்ந்தோ உடைந்தோ போய் மோட்டாரைக் காப்பாற்றிவிடும். தேய வேண்டியது தேய்ந்ததற்காக மிக்ஸியையே தலைமுழுகலாமா? அந்தப் பெண்ணுக்கு ஆன செலவு அறுபது ரூபாய். தவணைக்கு எடுத்திருந்தால் ஒரு வருஷம் மாதாமாதம் கட்டியிருப்பாள்.

மிக்ஸி அடியோடு பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியில் கவிழ்த்துப் பாருங்கள். பல மிக்ஸிகளில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். கெட்டியாக இட்லி மிளகாய்ப் பொடியோ தேங்காயோ நிறையப் போட்டு அரைத்தால், மோட்டார் எரிந்து போகாமல் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சாமானைக் குறைத்து, பத்து நிமிஷம் ஆற விட்டு, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமலே புது மிக்ஸி வாங்கிய வீடுகள் உண்டு!

உள்ளே பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சிலேட்டுக் குச்சி மாதிரி இரண்டு கரித்துண்டுகள்; சுற்றுகிற பாகத்துக்கு அவற்றின் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. காலத்தில் மாற்றினால் சொற்பச் செலவு. "இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்று விட்டால் அவை உரசுகிற செம்புப் பட்டையும் கெட்டு, செலவு பல மடங்காகும். சட்னியில் கறுப்பாக இறங்கினால் ஜாரின் புஷ்ஷைப் பாருங்கள். அந்தச் சட்னியைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

மின்விசிறி சோம்பேறியாகச் சுற்றினாலோ, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றாலோ, கடைக்காரர்கள் கண்டன்சர் என்று சொல்லும் கெபாசிட்டரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிரைண்டர் மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை என்றால் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாமே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய பெட்டி டி.வி.யையும் மைக்ரோவேவ் அடுப்பையும் தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆனால் எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்லத் தெரிந்தால், கடைக்காரர் நம்மை ஏமாற்ற யோசிப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தில் கிழிந்த பட்டுப்புடவையை யாராவது குப்பையில் போடுவார்களா? சரிகையில் வெள்ளி இருக்கிறது என்று எடை போட்டு வாங்கிப் போகிறார்கள். மோட்டாருக்குள் செம்பும், கைப்பேசியின் சர்க்யூட் பலகையில் துளித் தங்கமும் இருக்கின்றன. அவற்றை எடுக்கிற விதம்தான் கொடுமை. பிளாஸ்டிக் வயரைக் குவித்துத் தீ வைத்தால் செம்பு மிஞ்சும். டயாக்சின் என்ற விஷம் புகையாகக் காற்றில் கலக்கும். பழைய டி.வி.யின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை சுமார் 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குகூட இல்லை!

நெதர்லாந்தில் மார்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காரியம் செய்தார். கெட்டுப்போன சாமானோடு வருகிறவர்களையும், ரிப்பேர் தெரிந்தவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, 'ரிப்பேர் கஃபே' என்று பெயரிட்டார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாதம் ஒரு நாள் இப்படிக் கூடினால் என்ன?

நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் உதிரி பாகம், உத்தரவாதம், சர்வீஸ் பற்றிய விவரங்களை அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மூடி திறக்க முடியாதபடி ஒட்டி வருகிற சாமான்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. புதிதாக வாங்கும்போது, "இதுக்கு ஜார் தனியா கிடைக்குமா? கப்ளர் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்வார்.

உடையவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இன்று கைப்பேசித் தொழிற்சாலைகள். அவர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட எங்கள் திருப்புட்குழியிலிருந்து பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். புதுசு செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். பழசைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. "எனக்கப்புறம் கடை இல்லைம்மா" என்கிறார் அந்த ரிப்பேர்க்காரர். நாம் சாமானைக் கொண்டுபோனால்தானே அவரிடம் ஒரு பையன் தொழில் பழக வருவான்?

உண்மையிலேயே உயிர் போன சாமானை, மின்னணுக் குப்பை வாங்கப் பதிவு பெற்ற மையத்திலோ கம்பெனியின் சேகரிப்பு இடத்திலோ கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிகளின்படி அவற்றை முறையாக மறுசுழற்சி செய்விப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. ரிமோட், பொம்மை இவற்றைச் சரிசெய்யும்போது கழற்றிய பொத்தான் பாட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டரி மூடி உடைந்த பொம்மை என்றால், முதலில் மூடிக்கு ஸ்குரூ போட்டுவிட்டு அப்புறம் குழந்தை கையில் கொடுங்கள்.