லயத்து வாசலில் மணக்கும் லில்லி

தோட்டத்துக் கோயிலுக்கு வேண்டிய வெள்ளிக்கிழமைப் பூவையும் டவுனிலிருந்து வாங்கி வரும் காலம் இது. முன்பு லயத்துக்கு லயம் மல்லிகைப் பந்தல் இருந்தது. வேலியோரம் செம்பருத்தியும் கனகாம்பரமும் நின்றன. செம்பனை வந்தது, பால் மரம் போனது, ஆட்களும் குறைந்தார்கள். பல வாசல்களில் இப்போது மோட்டார் சைக்கிள்தான் நிற்கிறது. தீபாவளியோ தைப்பூசமோ நெருங்கிவிட்டால் ஒரு முழம் சரத்துக்குக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு, "சாமிக்கு மட்டும் போதும், தலைக்கு வேணாம்" என்று திரும்பி வரும் அக்காமார்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சம்பளம், இ.பி.எப்., சொக்சோ என்று எழுதுகிற பத்தியில் பூச்செடிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் ஒரு தங்கச்சி நம்மிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணே, பாசார் மாலாம்ல லில்லிக் கிழங்கு வாங்கி வெச்சேன். ஒரு தடவ பூத்துச்சு, வாசம் வீடு பூரா. அப்புறம் ஒண்ணையும் காணோம். கேமரன் மலைல மட்டும் எப்படி அவ்வளவு பூக்குது?"

நல்ல கேள்வி. கடையில் அட்டைப் படத்தோடு விற்கிற அந்தப் பெரிய லில்லி, குளிர் கேட்கும் செடி. கிழங்கு சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் உள்ளே மொட்டுக் கட்டும். விற்பவர்கள் குளிர் அறையில் வைத்துக் கொடுப்பதால் முதல் தடவை பூத்துவிடுகிறது. அதன் பிறகு நம் சிலாங்கூர், பேரா, கெடா வெயிலில் அதற்குக் குளிர் எங்கே கிடைக்கும்? கிழங்கு வருடத்துக்கு வருடம் சிறுத்து, மழையில் அழுகிப் போகும். கேமரன் மலை கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ராத்திரிக் குளிர் அங்கே சும்மா கிடைக்கிறது. அங்கேயும் பிளாஸ்டிக் கூரை போட்டு மழையைத் தடுத்துத்தான் வளர்க்கிறார்கள். ஆசைக்கு ஒரு தொட்டி வைத்துப் பார்க்க நினைப்பவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் பூக்கும் என்று நம்பி அதில் காசைக் கொட்ட வேண்டாம் என்பது நம் கருத்து.

நம் சூட்டுக்கு ஏற்றவை வேறு இருக்கின்றன. அவற்றில் நாம் முதலில் சொல்வது சம்பங்கி. மரத்தில் பூக்கும் சண்பகம் அல்ல. மாலைக் கடையில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்குமே, அந்த நிலச்சம்பங்கி. மலாய்க்காரர்கள் இதைச் செடாப் மாலாம் என்பார்கள். இரவில்தான் மணம் தூக்கும் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. உண்மையில் இது லில்லிக் குடும்பம் அல்ல, ஆனைக்கற்றாழைக்கு உறவு. பிறந்த ஊர் மெக்சிகோ. ஆனாலும் நீண்ட தண்டு, வெள்ளைப் பூ, மணம் என்று லில்லியிடம் எதை எதிர்பார்க்கிறோமோ அதை நம் வாசலில் கொடுப்பது இதுதான். ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்று இரண்டு உண்டு. மாலைக்கும் மணத்துக்கும் ஒற்றைதான் நல்லது. இரட்டை பார்வைக்கு அழகு, ஜாடிக்கு ஏற்றது.

நடும் முறை சுலபம். சின்ன வெங்காயத்தை விடக் கொஞ்சம் பெரிதான, கெட்டியான கிழங்காகப் பொறுக்குங்கள். மிகச் சிறியவை அந்த வருடம் இலை மட்டுமே விடும். தரையில் நடுவதானால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, ஒரு கிழங்குக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, இரண்டு விரல் ஆழத்தில் வையுங்கள். நம் தோட்டங்களில் பெரும்பாலும் களிமண். தண்ணீர் நின்றால் கிழங்கு ஒரே வாரத்தில் குழைந்துவிடும். ஆகவே இரண்டு பங்கு மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணம் என்று கலந்துகொள்ளுங்கள். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். செம்பனை நிழலில் வைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. மூன்றரை, நான்கு மாதத்தில் தண்டு எழும்பி, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது. பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் அடுத்த தடவைக்கு. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தோண்டி, பிரித்து, நிழலில் சில வாரம் உலர்த்தி மறுபடி நடுங்கள். உலர்த்தும்போது ஒரு ஜாக்கிரதை: அடுப்படியில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவசரத்தில் அரிந்து சட்டியில் போட்டுவிடுவோம்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரிலிருந்து "ஒரு கைப்பிடிதானே" என்று பாக்கெட்டில் போட்டு வருவது நமக்குத் தெரியாத விஷயமல்ல. அந்தக் கைப்பிடிக்காக விசாரணையில் நிற்க நேர்ந்தால் சங்கம் என்ன வாதாடும்? மேலும் தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் செழிக்கும், பூ வராது. மக்கிய சாணமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் வீட்டுச் செடிக்குப் போதும்.

அடுத்தது சிலந்தி லில்லி. பள்ளி வாசலிலும் கிளினிக் ஓரத்திலும் கொத்தாக நிற்கும். நடுவில் வெள்ளைக் கிண்ணம், அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போல் மெல்லிய இதழ்கள். பொழுது சாயச் சாய மணக்கும். இதற்குப் பக்குவமே வேண்டாம். ஈர மண்ணையும் தாங்கும், கேட்டால் யாரும் ஒரு குட்டி பிடுங்கித் தருவார்கள். இதன் அண்ணன் போல இன்னொன்று, மலாயில் பாக்கோங் என்பது. நம் முன்னோர் விஷமூங்கில் என்று பெயர் வைத்தார்கள். ஆளுயரத்துக்கு இலை விடும், அதற்குத் தொட்டி காணாது. பெயரில் விஷம் சும்மா வரவில்லை. இந்த இரண்டின் கிழங்கையும் தின்றால் கடும் வாந்தி எடுக்கும். தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம்: கடையில் வாங்கும் பெரிய லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புழு ஒன்று இந்த இரண்டு செடிகளையும் கூட்டமாக வந்து தின்னும். மாலையில் விளக்கு வைத்துப் பார்த்துக் கையால் பொறுக்கிப் போடுங்கள். வேலை இடத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடிக்காதீர்கள்.

இங்கேதான் நாம் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்த காரணம் இருக்கிறது. லயங்களைச் சுற்றி வரும்போது பூச்செடி நிற்கும் தொட்டிகளைப் பாருங்கள். பாதியாக வெட்டிய மருந்து டிரம், கழுத்து அறுத்த களைக்கொல்லி டின்! பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்யப்பட்டது. உண்மைதான், அதற்கு முன் எத்தனை மருந்தடிக்கும் பெண்களின் நகமும் தோலும் கெட்டன என்பது நமக்குத் தெரியும். ஆனால் பழைய டின்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கின்றன, மற்ற மருந்துகளின் டின்களும் வந்துகொண்டே இருக்கின்றன. "நல்லா கழுவிட்டேங்க" என்பார்கள். வீட்டுக் குழாயடியில் கழுவிய தண்ணீர் எங்கே போனது? கோழி மேயும் சாக்கடைக்குத்தானே. அந்த மண்ணில் கை வைத்துக் களை பிடுங்குவது நம் பிள்ளை. அதில் பூத்ததைத் தலையில் வைப்பது நம் மகள். காலி டின்களைத் துளையிட்டு முறையாக அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. தண்டலிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். தொட்டிக்குச் சமையல் எண்ணெய் டின், பிஸ்கட் டின், உடைந்த வாளி எதுவும் போதும். அடியில் நான்கைந்து துளை போட்டுச் செங்கல் மேல் வையுங்கள். அடித்தட்டு வைக்காதீர்கள், அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கத் தொடங்கிவிடும். ஒரு முழ அகலத் தொட்டியில் ஐந்தாறு சம்பங்கிக் கிழங்கு தாராளமாக நிற்கும்.

தரையா, தொட்டியா என்று கேட்டால் நாம் தொட்டி என்போம். மண் நம்முடையது அல்லவே. வேலை நின்றால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டால் லயமே போய்விடும். அப்படிக் கலைந்த ஒரு தோட்டத்தில், வாசலில் நெடுங்காலம் சம்பங்கி வளர்த்த ஒரு பாட்டி, லாரி வந்து நின்ற பிறகும் மண்வெட்டியை விடவில்லை. "கட்டில விட்டுட்டுப் போனாலும் போவேன், இத விட மாட்டேன்" என்று கோணிச் சாக்கில் கிழங்கை அள்ளிக் கட்டினார். இன்று அடுக்குமாடி வீட்டில், துணி காயும் கம்பிக்கு அடியில், எட்டு எண்ணெய் டின்களில் அவர் சம்பங்கி நிற்கிறது. அந்த மாடியில் உள்ள சீனர் வீடும் மலாய் வீடும் அவரிடம் கிழங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கிழங்கைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வளர்ப்பவர் வீட்டில் தோண்டிப் பிரிக்கும் சமயம் கேட்டால் ஒரு கை நிறையத் தருவார்கள். தைப்பூசத்துக்குப் பூ வேண்டுவோர் அக்டோபர் தொடக்கத்திலேயே கிழங்கை மண்ணில் போட்டுவிட வேண்டும். அது மழைக்காலம், ஆகவே முளை ஒரு சாண் வரும்வரை தொட்டியைத் தாழ்வாரத்து ஓரத்தில் வைத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.