திரைக் காதலும் சாதியும் – 9: ரேவந்தாக நடித்தவர் யார்?

சென்ற இதழில் கண்ட கொரியக் காதல் படமான ‘ஒயாசிஸ்’ (2002), மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணைக் காதலியாக்கியது. ஆயினும் அவ்வேடத்தில் நடித்த மூன் சோ-ரி உடற்குறை ஏதுமற்றவர் என்பதால், யாருடைய கதையை யார் நடிப்பது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. அக்கேள்வியை ஹைதராபாத் திரையுலகிடம் கேட்டால், பதில் சாதியைத் தொடாமல் வராது.

தெலுங்குத் திரையுலகம் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த பின்னரும், கடலோர ஆந்திரத்தின் பேச்சே கதாநாயகர்களின் பேச்சாக நீடித்தது. நகரைச் சூழ்ந்த தெலங்கானாவின் வட்டார வழக்கு பெரும்பாலும் நகைச்சுவை நடிகர்களுக்கும் அடியாட்களுக்குமே ஒதுக்கப்பட்டது. 2014இல் தனி மாநிலம் அமைந்து மூன்றாண்டுகள் கழித்து சேகர் கம்முலா இயக்கிய ‘ஃபிதா’வில், கோத்தகிரியைச் சேர்ந்த சாய் பல்லவி அவ்வழக்கைக் கற்றுத் தாமே குரலும் கொடுத்துப் பேசியபோது, அது நாயகியின் மொழியாயிற்று.

அதே இயக்குநரின் ‘லவ் ஸ்டோரி’ (2021) மொழியிலிருந்து சாதிக்கு நகர்ந்தது. ஆர்மூர்ப் பகுதியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ஜும்பா நடனப் பயிற்சிக் கூடம் நடத்தும் ரேவந்த் ஒரு தலித் கிறிஸ்தவர்; வேலை தேடி வரும் மௌனிகா அதே ஊரின் ஆதிக்க சாதிக் குடும்பத்துப் பெண். தலித் கிறிஸ்தவர் என்பது தற்செயலான தேர்வாகத் தோன்றவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தெலங்கானாவில் தலித் கிறிஸ்தவர்கள் ‘பி.சி.–சி’ எனப்படும், ஒரு விழுக்காடு இடஒதுக்கீடு கொண்ட பிற்படுத்தப்பட்டோர் உட்பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். சட்டம் சாதியை விலக்கிவைத்தாலும் ஊர் விலக்குவதில்லை: 2018இல் மிர்யாலகுடாவில், சாதி மாறி மணந்ததற்காக மனைவியின் தந்தை ஏவிய கூலிப்படையால் வெட்டிக் கொல்லப்பட்டவரும் தலித் கிறிஸ்தவ இளைஞரே.

படத்தின் பலவீனம் வில்லனில் இருக்கிறது. மௌனிகாவின் சித்தப்பா சாதி வெறியராக மட்டுமன்றி, சிறுவயதில் அவளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியவராகவும் காட்டப்படுவதால், ஊர் முழுதும் பகிர்ந்து சுமக்க வேண்டிய பழி ஒரு கயவனின் தலையில் இறங்கிவிடுகிறது. அவனை வெறுத்துவிட்டு வெளியேறும் பார்வையாளர் தம் வீட்டுச் சாதியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ரேவந்தாக நடித்த நாக சைதன்யாவோ தலித் அல்லர்: அன்னபூர்ணா ஸ்டுடியோவை நிறுவிய அக்கினேனி நாகேஸ்வர ராவின் பேரன். அவர் உழைத்து நடித்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. நட்சத்திரம் இல்லாமல் இத்தகைய கதைக்கு முதலீடு கிடைக்காது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. எனினும் தலித் நடிகர் ஒருவர் நட்சத்திரமாக உயர்வதைத் தடுத்துக்கொண்டிருப்பதும் அதே வாதம்தான்.

இக்கதை தெலுங்குத் திரைக்குப் புதிதன்று. பிராமண இளைஞன் தலித் பெண்ணைக் காதலிக்கும் ‘மாலபில்லா’வை கூடவல்லி ராமபிரம்மம் 1938இலேயே இயக்கிவிட்டார். அப்படம் அடுத்த இதழில்.