எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் நடுவே ஒரு குட்டி இறால்

1967 மார்ச்சில் டாரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் மோதியது. கரை ஒதுங்கிய கச்சா எண்ணெயைப் போக்க டன் கணக்கில் சலவை ரசாயனம் கொட்டினார்கள். அந்த ரசாயனம் எண்ணெயைவிடக் கொடியதாக இருந்தது. பாறையில் ஒட்டி வாழும் நத்தைகள் கூண்டோடு செத்தன. பாசியை மேய ஆளில்லாமல் பாறையெல்லாம் பச்சை படர்ந்தது. சில கரைகள் தேறப் பத்தாண்டுக்கும் மேலானது.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபோது எண்ணெயைவிட ரசாயனம் கொடியதா என்ற கேள்வி திரும்ப எழுந்தது. எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனங்கள் எட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதனைக்கு எடுத்தது. சோதனை உயிர்களில் ஒன்று அந்த வளைகுடாவிலேயே வாழும் மைசிட் என்ற குட்டி இறால்.

வளர்ந்த மைசிட்டே ஒரு சென்டிமீட்டரை எட்டாது. கண்ணாடி போன்ற உடம்பில் கருங்கண்கள் மட்டும் துருத்தித் தெரியும். வால் விசிறியில் இரண்டு மணிகள் மின்னும். உடலைச் சமநிலையில் வைக்கும் உறுப்புகள் அவை. பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளைச் சோதனைக்கு எடுப்பார்கள். ரசாயனத்தைப் படிப்படியாகக் கூட்டிக் கலந்த கடல்நீர்க் குவளைகளில் விட்டு, 48 மணி நேரம் பார்ப்பார்கள். அதற்குள் பாதிக் குஞ்சுகளைக் கொல்லும் அளவு எதுவோ, அதுவே நச்சின் அளவுகோல். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பசித்தால் இவை ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே சோதனைக்கு நடுவிலும் உப்பளங்களில் வாழும் ஆர்டீமியாவின் குஞ்சுகளை உயிரோடு இரையாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் எது நச்சால் செத்தது, எது பசிக்குப் பலியானது என்று பிரிக்க முடியாது.

நீரில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அத்தனையும் சேர்ந்து ஓர் உடம்பை என்ன செய்யும் என்பதை உடம்புதான் காட்ட வேண்டும். மைசிட் காட்டியது இது: ரசாயனங்கள் தனியாக எண்ணெயைவிட நச்சு குறைந்தவை; எண்ணெயோடு கலந்தபோது நச்சு ஏறத்தாழ எண்ணெயின் அளவே.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் பிழைத்திருப்பது வாழ்வு ஆகாது. அதனால்தான் கழிவுநீரைச் சோதிக்க ஏழு நாள் முறையும் வைத்திருக்கிறார்கள். அதில் செத்தவற்றை எண்ணுவதோடு விடுவதில்லை. பிழைத்தவற்றை உலர்த்தி எடை போட்டு, வளர்ச்சி குன்றியதா என்று பார்க்கிறார்கள். பெண் மைசிட்டின் உடம்பு ஊடுருவித் தெரிவதால், அது முட்டை பிடித்திருக்கிறதா என்பதையும் நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.