முதல் மிடறுக்கு முந்தைய கதை

கர்நாடக எல்லையோர ஊரான பேரிகையிலிருந்து ஓசூர் வந்து பெங்களூருக்கு பஸ் ஏறினால், நகருக்குள் நுழைந்தபின் அதே ஓசூர் சாலையின் ஓரத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வரும். குடியை நிறுத்தச் சொல்லி ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே விவேக் பெனகலும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குடிக்கு அடிமையானவர்களை விட்டுவிட்டு அவர்களுடைய நெருங்கிய ஆண் உறவினர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தது.

சோதனை எளிமையானது. ஒரே மாதிரியான சமிக்ஞை திரும்பத் திரும்ப வரும். நடுவே வேறு மாதிரி ஒன்று வரும். அதைக் கவனித்த மூளை, சுமார் 300 மில்லி விநாடி கழித்து, அதாவது ஒருமுறை கண் சிமிட்டுகிற நேரத்தில், ஒரு மின்னலையை எழுப்பும். அதற்கு பி-300 என்று பெயர். குடும்பத்தில் குடிநோயின் பாதிப்பு கூடக்கூட இந்த அலையின் உயரம் குறைந்துகொண்டே போனது. இதற்கு முன்பே, 1984இல், நியூயார்க்கில் ஹென்றி பெக்லைட்டர் 7 முதல் 13 வயதுச் சிறுவர்களிடம் இதைப் பார்த்திருந்தார். குடிநோயாளிகளின் மகன்கள் அவர்கள். ஒரு சொட்டுகூட ருசித்திராத பிள்ளைகளுக்கும் அலை குட்டையாகவே இருந்தது.

இதில் மரபணுவின் பங்கு உண்டு. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதியை மரபு தீர்மானிக்கிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சப் பாதி எங்கிருந்து வருகிறது?

அதற்கான தடயம் சற்றும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடல் பருமன் சிகிச்சை நிலையம் நடத்தினார். அங்கே எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். தோற்றவர் ஓடினால் புரியும், ஜெயித்துக்கொண்டிருப்பவர் ஏன் ஓட வேண்டும்? அவர்களிடம் உட்கார்ந்து பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. கனத்த உடம்பு அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. ஊரார் கண்ணுக்கு நோயாகத் தெரிந்தது, அவர்களைப் பொறுத்தவரை மருந்து.

ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். அடி, வசவு, பாலியல் தொல்லை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடிநோயாளி, மனநோயாளி அல்லது சிறை சென்றவர் இருப்பது என்று 7 வகையான இளவயது இடர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். 1998இல் வெளியான முதல் கட்ட முடிவில் 9,508 பேரின் பதில்கள் இருந்தன. பெரும்பாலும் காப்பீடு வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்தினர். அவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு மதிப்பெண்ணாவது இருந்தது. நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்கள் குடிநோயாளியாக இருக்கும் வாய்ப்பு, எதுவுமே இல்லாதவர்களைப்போல் சுமார் 7 மடங்கு.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிம்ஹான்ஸும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் சி-வேதா என்ற ஆய்வு 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 9,000 இந்தியர்களைப் பதிவு செய்திருக்கிறது. பெங்களூரு, மைசூரு, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் என்று நகரங்கள் இருந்தாலும், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குக் கிராமங்களும் அதில் உண்டு. 2021இல் வந்த அதன் அறிக்கை ஒன்று, இளவயது இடர்களுக்கும் போதைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை நம் பிள்ளைகளிடமும் காட்டியது.

சரி, பத்து வயதில் பட்ட அடி முப்பது வயதில் கிளாஸை எடுக்க வைப்பது எப்படி? சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து தொடங்கலாம். ஆபத்து என்று மூளை சொன்னதும் அது கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. ஆபத்து விலகியதும், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள ஏற்பிகள் அந்தக் கார்டிசாலைப் பிடித்து, ‘போதும், நிறுத்து’ என்று தகவல் அனுப்புகின்றன. உடம்பே வைத்துக்கொண்டிருக்கும் பிரேக் இது.

ஓசூர் பக்கத்துச் சானமாவு காட்டோரம் ராகிக் காவலுக்குப் பரண்மேல் படுத்திருப்பவருக்கு இலை அசைந்தாலே விழிப்பு வந்துவிடும். யானை வருகிற இடத்தில் அதுதான் புத்திசாலித்தனம். அப்பா எந்த மனநிலையில் வருவார் என்று கதவுச் சத்தத்தை வைத்தே கணிக்கப் பழகிய பிள்ளையின் மூளையும் இப்படித்தான் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. கோளாறு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் பிழைக்க அதுதான் சரியான அமைப்பு. பிள்ளை வளர்ந்து சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து தனி வீடு எடுத்த பிறகும் காவல் இறங்காமல் இருப்பதில்தான் சிக்கல்.

இந்தத் திருத்தம் எங்கே எழுதப்படுகிறது என்பதை எலிகள் காட்டிக்கொடுத்தன. கனடாவின் மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் ஆய்வகத்தில், சில தாய் எலிகள் குட்டிகளை அதிகம் நக்கின, சில குறைவாக நக்கின. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் பதற்றம் குறைந்தவையாக இருந்தன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியைப் பிறந்த உடனே அதிகம் நக்கும் தாயிடம் விட்டால் அதுவும் அமைதியாக வளர்ந்தது. 2004இல் இதன் உள்வேலை வெளியானது. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில், பிரேக் ஏற்பியைத் தயாரிக்கும் மரபணுவின்மேல் மெத்தில் என்ற குட்டி வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அது வாசிக்கப்படும் அளவு குறைந்துவிடுகிறது. இதை ஆராயும் துறைக்கு மேல்மரபியல் என்று பெயர். தாயின் நாக்கு முதல் வாரத்தில் தொட்டது, குட்டியின் ஆயுள் முழுக்க வாசிக்கப்படுகிறது.

இப்போது மதுவைக் கொண்டுவாருங்கள். நரம்புகளை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. வருடக்கணக்கில் உள்ளே அடித்துக்கொண்டிருந்த அபாய மணி முதன்முறையாக ஓய்கிறது. மற்றவருக்கு அது கேளிக்கை, காவல் இறங்காதவருக்கு நிம்மதி. மூளை அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. எப்படி என்பதை 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டார். விளக்கு எரிந்தபின் பழச்சாறு தந்து பழக்கினால், டோபமைன் நரம்பணுக்கள் நாளடைவில் சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு விளக்குக்கே துடிக்கத் தொடங்கின. டாஸ்மாக் போர்டைப் பார்த்ததும் கால் திரும்புவதும், போன் அதிராமலே கை பாக்கெட்டுக்குப் போவதும் இந்த வித்தைதான். போன் உள்ளிட்ட தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே நிம்ஹான்ஸ் 2014இல் தனி கிளினிக் திறந்தது.

எல்லாவற்றையும் அடக்க வேண்டிய மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதற்குள் போதைப் பொருள் கைக்கு வந்துவிடுகிறது என்பதுதான் எல்லையோர ஊர்களின் கஷ்டம். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. அங்கிருந்து கடத்திவந்த மூட்டை பிடிபட்ட செய்தி ஓசூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. கூல் லிப் என்ற சின்னப் புகையிலைப் பொட்டலம் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். வாய் அசையாது, புகை வராது, கடைசி பெஞ்சில் வைத்துக்கொண்டு பாடம் கேட்கலாம். சிறுவயதிலேயே தொடங்குவதன் விபரீதத்தை அமெரிக்காவில் 1997இல் வெளியான குடிப்பழக்கக் கணக்கு ஒன்று காட்டும். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 100க்கு 40 பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 100க்கு சுமார் 10 பேர்தான். சீக்கிரம் தொடங்கியவர்களில் பலர் ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளைகளாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இளவயது இடர் மதிப்பெண் ஜாதகமல்ல. நான்கு பெற்றவர்களில் பெரும்பாலானோர் குடிநோயாளிகள் ஆகவில்லை. சுக வீட்டில் வளர்ந்து அடிமையானவர்களும் உண்டு. எழுதியதை அழிக்கவும் முடிகிறது. அதே மான்ட்ரியல் ஆய்வகத்தில், வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தியதும் மெத்தில் குறிகள் குறைந்து பதற்றம் தணிந்தது. மனிதருக்கு அப்படி மருந்து இல்லை. மனிதருக்கு மனிதர்தான். ருமேனியாவில் ஆதரவற்றோர் இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புப் பெற்றோரிடம் விட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் அப்படிப் போனவர்களின் அழுத்த எதிர்வினை, பின்னாளில் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் சிகிச்சை மையத்தை 1980இல் சென்னையில் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். ஆய்வகங்கள் சொல்வதற்கு முன்பே எடுத்த சரியான முடிவு அது. வீட்டில் ஒருவர் குடியை விட்டால் இன்னொரு பிள்ளையின் காவலும் இறங்குகிறது.

ஆகவே, அப்பாவுக்குப் பொட்டலம் வாங்கக் கடைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அடிபடுகிற பிள்ளையைப் பார்த்தால் 1098க்குச் சொல்லுங்கள். போதையிலிருந்து மீள 14446, மனநலத்துக்கு 14416. மூன்றும் இலவசம். பேரிகைக்காரர்கள் 14416இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எதில் வேண்டுமானாலும் பேசலாம்.