பதினைந்து அடியா, பதினாறு அடியா?

சீர்காழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கால் தாண்ட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓடி வந்து, கரையில் ஓர் எம்பு எம்பி, அக்கரையில் தொப்பென்று விழுவோம். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி மறுபடி ஓடுவோம். தடை ஓட்டத்தில் அந்த ‘மறுபடி’க்கு இடமே கிடையாது. ஓட்டம் அறுந்தால் பதக்கமும் போச்சு.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச்சுற்றை 55.42 விநாடியில் முடித்தார் கோவை வித்யா ராம்ராஜ். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடியதும் அதே 55.42தான்! 39 வருடமாக அசையாமல் நின்ற தேசியச் சாதனை அது. மறுநாள் இறுதிச்சுற்றில் வித்யாவுக்கு வெண்கலம் கிடைத்தது. உஷாவுக்கோ லாஸ் ஏஞ்சல்ஸில் 0.01 விநாடியில் வெண்கலம் தவறிப்போனது. அது எவ்வளவு தூரம்? 400-ஐ 55.42-ஆல் வகுத்தால் விநாடிக்கு 7.2 மீட்டர். அப்படியானால் நூறில் ஒரு விநாடிக்கு 7 சென்டிமீட்டர்தான். ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், வயிறு எரியும்.

பெண்கள் ஓட்டத்தில் 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடைகள். உயரம் பெரிய சங்கடமில்லை. சங்கடமெல்லாம் தடைகளுக்கு நடுவே இருக்கும் 35 மீட்டரில்தான். இடதுகாலை முன்னால் நீட்டித் தாண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 15 அடி வைத்தால் அடுத்த தடையிலும் இடதுகாலே முன்னால் வரும். 16 வைத்தால் வலதுகால் வந்துவிடும். 300 மீட்டர் தாண்டியதும் தொடை கனக்கும், அடி சுருங்கும், 15 அடியில் தடை எட்டாது. இரண்டு காலும் பழகியவர் 16-க்கு மாறிக்கொள்வார். ஒரே கால் பழகியவர் 17 குட்டை அடி வைத்துத் திணறுவார். ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு இவ்வளவு தூரம் வரும் என்று கணக்கு வாத்தியாரே நினைத்திருக்க மாட்டார்!

வித்யாவின் இரட்டைச் சகோதரி நித்யாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் ஓடுவது 100 மீட்டர் தடை ஓட்டம். தடைகளுக்கு இடையே 8.5 மீட்டர், மூன்றே அடி.

சரி, ஏன் தடையை உரசுகிற மாதிரி தாண்டுகிறார்கள்? கால் தரையில் பட்டால்தான் உந்த முடியும். காற்றில் எதை உந்துவது? உடல் நான்கு மடங்கு உயரம் எழும்பினால், அந்தரத்தில் இருக்கும் நேரம் இரு மடங்காகும். அதனால் எவ்வளவு தாழ்வாகப் போகிறோமோ அவ்வளவு லாபம். தெரியாமல் இடித்துத் தள்ளினாலும் தப்பில்லை. மேல்கட்டையில் ஏறக்குறைய 3.6 கிலோ எடைக்குச் சமமான விசை பட்டாலே முன்பக்கம் சாய்ந்துவிடும்படிதான் தடையைச் செய்திருக்கிறார்கள். அதன் அடிக்கால்கள் ஓடி வருபவரை நோக்கி நீண்டிருக்கும்.

பள்ளி மைதானத்தில் தாண்டிப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் அந்த அடிக்கால்கள் உங்களைப் பார்த்து இருக்கின்றனவா என்று கவனியுங்கள். எதிர்ப்பக்கமிருந்து ஓடி வந்து மோதினால் தடை சாயாது, நீங்கள்தான் சாய்வீர்கள்.