ஜிபிஎஸ் இல்லை, ரிமோட்டும் இல்லை.. கடலுக்கு அடியில் ரோபோ தேடுவது எப்படி?

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம், வங்கக்கடல் மேல் மாயமானது. கப்பல்களும் விமானங்களும் தேடியும் பலனில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் பதில் வந்தது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா தானியங்கி நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைந்த பாகங்களைப் படம் எடுத்திருந்தது. அவை ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போவதாக பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

சரி, இந்த மாதிரி ரோபோ எந்தப் பக்கம் போகணும்னு எப்படி முடிவு செய்யுது?

என்ன சிக்கல்?

ரேடியோ அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். அதனால் ஜிபிஎஸ் கிடைக்காது, ரிமோட்டில் ஓட்டவும் முடியாது. ஒலி மூலம்தான் தகவல் அனுப்பணும். அதுவும் ரொம்ப மெதுவு. பேட்டரியும் அளவானதுதான். பாதையை முன்கூட்டியே சரியாகத் திட்டமிடாவிட்டால், நேரமும் சார்ஜும் வீண்.

முதலில் 'உழவு'

வயலில் ஏர் ஓட்டுவது போல, ரோபோ நேர்கோட்டில் போய்த் திரும்பி, பக்கத்துக் கோட்டில் வரும். திரும்பும்போது சோனார் படம் சிதையும். அதனால், இடத்தின் நீளவாக்கில் ஓட்டித் திருப்பங்களைக் குறைப்பார்கள். கோடுகளுக்கு இடையே தூரம் அதிகமானால் நடுவில் இடைவெளி விழும். குறைந்தால் நேரம் வீணாகும்.

அடுத்து 'டெலிவரி'

சோனார் பரந்த இடத்தைப் பார்க்கும், ஆனால் துல்லியம் குறைவு. கேமராவுக்கோ சில மீட்டர் நெருங்கினால்தான் தெரியும். எனவே சந்தேகப்படும் இடங்களுக்கு மட்டும் போய்ப் படம் எடுக்கும். எதை முதலில் பார்ப்பது? டெலிவரி ஊழியருக்கு இருக்கும் அதே குழப்பம்தான். 10 இடங்கள் இருந்தாலே, 36 லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் சாத்தியம். அதில் தூரம் குறைவான ஒன்றை மென்பொருள் தேர்ந்தெடுக்கும்.

கடைசியில் கோணம்

ஒரு பக்கம் பாறை மாதிரி தெரிவது, இன்னொரு பக்கம் விமான இறக்கையாக இருக்கலாம். அதனால் ஒரே பொருளைப் பல கோணங்களில் பார்க்கணும். எத்தனை கோணம் போதும் என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்து, பாதையைத் தானே மாற்றிக்கொள்ளும் ரோபோக்களை உருவாக்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

பாதையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும், தேடும் பொருள் அதிலேயே தவறிப்போகலாம். அப்படி நடந்தால், பதிலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் காத்திருப்பும் நீளும்.