உணர்விழந்த உடலில் ஓயாத நோவு

நம்பப்படாத வேதனை

சிமெண்ட் ஆலையும், சுண்ணாம்புக்கல் சுரங்கமும், பாரம் ஏற்றிய லாரிகளும் உள்ள ஆலத்தியூர் போன்ற ஊர்களில், உயரத்திலிருந்து விழுந்தோ வாகனம் மோதியோ தண்டுவடம் சேதமுறும் அபாயம் எப்போதும் உண்டு. அப்படி அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாமற்போகலாம். எனினும் அதே கால் தணலில் வைத்தாற்போல் இரவெல்லாம் எரிவதாக அவர் அரற்றும்போது, மரத்த காலில் வலி ஏது என்று வீட்டாரே ஐயுறுவது கொடுமையினும் கொடுமை.

நோவின் மூலம்

இது மனப்பிராந்தியன்று. தண்டுவடம் சேதமுற்றுக் கீழிருந்து வரும் செய்திகள் தடைப்பட்டபின், அதற்கு மேலுள்ள நரம்பணுக்களும் மூளையின் உணர்வுக் கேந்திரங்களும் வரம்பு மீறிக் கிளர்ச்சியுற்று, காயமில்லாத இடத்தில் வலியைத் தோற்றுவிக்கின்றன. சாதாரண வலி மாத்திரைகளுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படாது. பிரிகாபாலின், காபாபென்டின் முதலிய மருந்துகளாலும் பூரண நிவாரணம் பெறாதவர் பலர்.

கத்தியின்றி ஒரு சிகிச்சை

இந்நோவைத் தணிக்க, மண்டையைத் திறவாமலே மூளையைத் தூண்டும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. உப்புநீரில் நனைத்த பஞ்சுத் திண்டுகளில் ஒன்றை, உடலசைவை ஆளும் மூளைப் பகுதிக்கு நேராகவும், மற்றொன்றை எதிர்ப்புறப் புருவத்துக்கு மேலாகவும் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது ஒன்று. 1985-இல் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய காந்தத் தூண்டல் மற்றொன்று.

தண்டுவடச் சேதமுற்ற 17 பேரைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான ஆராய்ச்சியில், 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை நாளொன்றுக்கு 20 நிமிஷமாக 5 நாள் பெற்றவர்களுக்கு, பாவனைச் சிகிச்சை பெற்றவர்களைவிட நோவு தணிந்தது. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. கிடைத்த சுகமும் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே இதனை மற்றச் சிகிச்சைகளுக்குத் துணையாகக் கொள்வதே விவேகம். பூரண குணம் என்று வாக்களித்துப் பணம் பறிப்போரிடம் ஜாக்கிரதை வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், பேஸ்மேக்கர் ஆகியவை இருப்பின் இச்சிகிச்சைக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பேட்டரியைக்கொண்டு தாமே முயல்வது கூடவே கூடாது. நோவு திடீரென மிகுந்தால், படுக்கைப்புண்ணோ சிறுநீர்த் தொற்றோ காரணமாகுமா என்று பார்ப்பது அவசியம்.

வேலூர் காட்டிய வழி

1954-இல் விபத்தொன்றில் தண்டுவடம் சேதமுற்ற டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வித்திட்டார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பெற்றது. மறுவாழ்வு மருத்துவம் இவ்வாறு வேரூன்றியிருத்தலால், உணர்விழந்த உடலில் நோவுறும் நோயாளியை உடையோர், நோவு எங்கே, எப்போது, எவ்விதம் வருகிறது என்பதை அவர் வாய்மொழியாகவே கேட்டுக் குறித்துக்கொண்டு, தாமதமின்றி மறுவாழ்வு மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்களாக.